குதிரைக்குக் குடுத்த குளிசை

— ஒரு ஊசியைப் போட்டு எப்பிடியும் நடக்கப் பண்ணிவிடுங்கோ, டாக்குத்தர் ஐயா. நாளைக்குச் சூரன்போர். முருகனுக்கு முன்னாலை என்ரை குதிரை போகாட்டி ஊர் சிரிக்கும்.

— பொறுங்கோ, தியாகலிங்கம் அண்ணை. உந்தக் குளம்பிலை ஒருக்காக் கையை வைச்சுப் பாருங்கோ.

— அம்மாடி! அடுப்புக்கல்லு மாதிரிச் சுடுது!

— உள்ளுக்கை சதை வெந்துபோய்க் கிடக்குது. அதுதான் முன்னங்காலை ஊண்டாமல் பின்னுக்குச் சாயுது. நாளைக்கு நடத்தினியளெண்டா பிறகு எழும்பாது, விளங்குதே?

— நெடுந்தீவிலை இருந்து வள்ளத்திலை ஏத்தி வந்த குதிரை ஐயா. பிள்ளை மாதிரி வளர்த்தனான். மயிரைப் பாருங்கோ, என்ன அடர்த்தி! எல்லாம் என்ரை தீனி.

— தீனி இல்லை, வருத்தம். இந்த வெக்கைக்கை எந்தக் குதிரை கரடி மாதிரி நிக்கும்? தண்ணியும் வாளி வாளியாய்க் குடிக்குமே?

— ஓம், ஓம். அள்ளி அள்ளி என்ரை தோள் விட்டுப் போச்சு.

— மூளைக்குக் கீழை ஒரு சுரப்பி இருக்கு. வயசுபோன குதிரையளுக்கு அது கெட்டா, உடம்பிலை ஒரு சத்து தேவைக்கு மேலை ஊறும். மயிர், தாகம், கால்நோ எல்லாம் அதாலைதான். ஆனா மெல்ல மெல்லத்தான் வரும். உங்கடை குதிரைக்கு ஒரேயடியாய் முத்தியிருக்கு. என்ன மருந்து குடுத்தனீங்கள்?

— நானோ? முருகனாணை ஒண்டும் குடுக்கேல்லை!

— இஞ்சேருங்கோ, கத்தாதேங்கோ. நான்தான் குடுத்தனான்.

— கனகாம்பிகை! நீர் ஏன் எழும்பி வந்தனீர்? படுத்திரும் எண்டெல்லே சொன்னனான்!

— வாயில்லாச் சீவன் நொண்ட, நான் எப்பிடிப் படுக்கிறது? டாக்குத்தர் தம்பி, என்ரை மூட்டுவாதத்துக்கு ஆசுப்பத்திரியிலை தாற வெள்ளைக் குளிசை. எனக்கு நோவை எடுக்கிறது உதுக்கும் எடுக்கும்தானே? பனங்கட்டிக்குள்ளை வைச்சு நீட்டினன். பெரிய உடம்பெண்டு பிடி பிடியாய்.

— பிடி பிடியாயோ? எடியே, அது குளிசையோ, கச்சான் கடலையோ?

— அண்ணை, ஏசாதேங்கோ. அக்கா, அந்தக் குளிசைப் போத்திலைத் தாங்கோ பாப்பம்... அட கடவுளே! ஊறி வழியிற சத்தும் உந்தக் குளிசையும் ஒரே சாதி. எரியிற வீட்டிலை எண்ணெயை ஊத்தியிருக்கிறியள்.

— கேட்டீரே? என்ரை குதிரையைக் கொண்டுபோட்டீரே!

— நோவைப் பாக்கப் பொறுக்கேல்லை, அதுதான்... செத்துப்போகுமே தம்பி?

— சாகாது அக்கா. ஈர மணலிலை நிக்கவிட்டு, காலுக்குக் குளிர்தண்ணி ஊத்துங்கோ. பனங்கட்டி, இனிப்பு ஒண்டும் கண்ணிலையும் காட்டாதேங்கோ. நாலைஞ்சு நாள்தானே குடுத்தது, குளிசையையும் நிப்பாட்டலாம். வருசக்கணக்காய்க் குடுத்திருந்தா அப்பிடி வெட்டெண்டு நிப்பாட்டேலாது, விளங்குதே?

— அதென்ன, நிப்பாட்டினா நல்லதெல்லே?

— இல்லை அண்ணை. குளிசை வருகுதெண்டு உடம்பு தான் ஊறுறதை மறந்துபோகும். பிறகு குளிசையும் இல்லையெண்டா தலைசுத்தும், வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும், சரிஞ்சு விழும். அக்கா, ஏன் வேலியைப் பிடிக்கிறியள்?

— ஒண்டுமில்லைத் தம்பி. கண் இருட்டுது.

— கந்தசட்டி விரதம் ஐயா. வெறும் தண்ணியோடை இருக்கிறா. விடியத் தொடங்கி அந்தத் தண்ணியும் நிக்குதில்லை, சத்தி எடுத்தபடி.

— அக்கா, என்னைப் பாருங்கோ. உந்தக் குளிசையை எவ்வளவு காலமாய்ப் போடுறியள்?

— மூத்தவளின்ரை கலியாணத்துக்கு முந்தியே தொடங்கினது. இப்ப அவளுக்கு ரண்டு பிள்ளையள்.

— கடைசியாய் எப்ப போட்டனீங்கள்?

— விரதத்துக்குக் காப்புக் கட்டினாப் பிறகு வாயிலை வைக்கேல்லை. மருந்தும் விரதத்தை முறிக்குமெல்லே? மாசத்துக்கெண்டு தந்த போத்தில் சும்மா கிடந்தது, அதைத்தான் இந்தச் சீவனுக்குக் குடுத்தனான்.

— விரதக் களை ஐயா. நாளையிண்டைக்குப் பாறணை முடிய எழும்பி ஓடித்திரிவா. நீங்கள் குதிரைக்கு ஒரு வழியைச் சொல்லுங்கோ.

— பாறணை வரைக்கும் உயிரோடை இருக்கமாட்டா, அண்ணை! கயித்தை விட்டிட்டு அக்காவைத் தூக்கி என்ரை காரிலை ஏத்துங்கோ!