மூன்றாம் மாடித் தீர்ப்பாயம்

எங்கள் அலுவலகத்தில் ஏர்கான் எப்போதும் கொஞ்சம் அதிகம்தான் சார். குளிர்ந்தால் விசாரணைக் கோப்போடு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள்.

கிள்ளான் கிளையில் ஐந்தாம் கவுண்டர் பத்து வருடமாக என்னுடையது. வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவி மறுக்கப்பட்டால், எங்கே மேல்முறையீடு செய்வது என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

ரெங்கசாமி அண்ணன் ஒரு புதன்கிழமை வந்தார். அவர் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். உதவியும் கிடைக்கவில்லை. அது வராவிட்டால் குடியிருக்கும் வீடு போய்விடும். முறையிட அறுபது நாள் கெடு. அதை விசாரிக்கும் தீர்ப்பாயம் எங்கள் கட்டடத்திலேயே, மூன்றாம் மாடியில் இருந்தது.

நான் அவரை ஷா ஆலத்துக்கு, தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பினேன்.

போகும்போது என் பெயர் அட்டையைப் படித்து, "நன்றிம்மா புனிதா" என்றார். அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை.

அடுத்த புதன் எனக்குத் தின்ன இரண்டு சூடான கறிபாப்போடு வந்தார். "அவங்களுக்கு அதிகாரம் இல்லையாம்லா." கோலாலம்பூருக்கு அனுப்பினேன். அங்கும் அதிகாரம் இல்லை. இப்படியே ஏழு புதன்கள்.

"கோர்ட்டு கோர்ட்டா பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கும்மா. ஒருத்தரும் சம்மதிக்க மாட்றாங்க" என்று சிரித்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீலைக் கேட்கட்டுமா என்றார். வக்கீல்கள் குழப்பிவிடுவார்கள் என்றேன்.

அலைய விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நாளும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கடிதம் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தபோது கேட்டார்: "மேல ஏதோ தீர்ப்பாயம்னு போர்டு இருக்கே புனிதா, அங்க கேக்கட்டா?"

"லிப்ட் ரிப்பேருண்ணே. உங்க முட்டி வலிக்கு மூணு மாடி ஏற வேணாம். அடுத்த வாரம் வாங்க."

அவர் முட்டியை நினைத்துத்தான் சொன்னேன். லிப்ட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த புதன் நானே கைபிடித்து மூன்றாம் மாடிக்கு அழைத்துப்போனேன். தங்களுக்கு முழு அதிகாரம் உண்டு, ஆனால் ஐந்து நாள் தாமதம் என்றார்கள். லிப்டில் இறங்கும்போது, "உனக்குத்தான் வீண் அலைச்சல்" என்றார்.

வீடு போயிற்று. இப்போது ஜெஞ்சாரோமில், யாரோ ஒருவரின் செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறாராம். பதினோரு புதன்களாக வரவில்லை.

எல்லாம் தெரிந்தே செய்தேன் சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டியிருக்கும், இல்லையா? கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். புதன்கிழமையாக இருக்கட்டும். அன்றைக்குத்தான் அவருக்கு வசதி.