ஆறு மாதத்துக்குக் குறைவாக

பால் பாக்கெட்டில்கூடத் தேதி பார்த்து வாங்குகிற மனுஷர்கள் பாஸ்போர்ட்டில் பார்ப்பதில்லை. பீரோவில் கிடக்கிறது, அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக இதைத்தான் நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். கிளம்புகிற அன்றைக்குச் செல்லுபடியானால் மட்டும் போதாது. போய் இறங்கிய பிறகும் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். நிறைய நாடுகளில் அப்படித்தான் கேட்கிறார்கள். குழந்தைகளுக்கு இன்னும் மோசம். நமக்குப் பத்து வருஷம் என்றால் அதுகளுக்கு ஐந்துதான். முகம் மாறிக்கொண்டே இருக்கிறதில்லையா, அதனால்.

உங்களுடையதையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள், மேடம். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

சரி, தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது நான். எனக்குச் செய்து வைக்க ஆள் இல்லை, அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை. பிரசவம் என் வீட்டில். பிள்ளை பெற்ற கையோடு தங்கை படுத்த படுக்கையாகிவிட்டாள். எழுந்து நடமாடவே ஆறேழு மாதமாயிற்று. அதுவரை குழந்தையைக் குளிப்பாட்டியது, பால் கரைத்துக் கொடுத்தது, தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தது எல்லாம் இந்த உடம்புதான். சிட்டு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டதும் நான். வாய் ஓயாது அதுக்கு. கடைக்குக் கூட்டிப்போனால் வருகிறவர்களிடமெல்லாம், "நீங்க எந்த ஊருக்குப் போறீங்க? திரும்பி வருவீங்களா?" என்று கேட்கும். பெரியவர்கள்கூட நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஐந்து வயது நெருங்கும்போது மாப்பிள்ளை லீவில் வந்தார். கம்பெனியில் குடும்பத்தோடு தங்க வீடு கொடுத்துவிட்டார்களாம். ரெண்டு பேரையும் அழைத்துப்போகப் போகிறேன் என்றார். நல்ல விஷயம்தானே. டிக்கெட் போட்டது நான்தான். நல்ல சீட்டாகப் பார்த்து, ஜன்னல் ஓரமாக.

பெட்டி அடுக்கும்போது தங்கை பாஸ்போர்ட்டுகளை என் மடியில் போட்டாள். "எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருக்கா. உன் கண்ணு பட்டா எனக்கு நிம்மதி."

பார்த்தேன். அவளுடையது சரி. சிட்டுவினுடையது கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது. ஆறு மாதத்துக்குக் குறைவாகத்தான் பாக்கி இருந்தது.

வாயைத் திறந்து சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் தங்கை என் தோளைக் கட்டிக்கொண்டு, "இனிமே உனக்கு விடுதலைக்கா. எங்களைக் கட்டி அழுதது போதும், உன் வாழ்க்கையைப் பாரு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் மனசில் களங்கமே கிடையாது. நான் புத்தகத்தை மூடி, "எல்லாம் சரியா இருக்கு" என்று கொடுத்துவிட்டேன்.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் சின்னப் பெண். பாவம், அவளுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. "பெரியவங்க ரெண்டு பேரும் போகலாம் சார். குழந்தையை ஏத்த முடியாது. அங்க இறங்கினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க." மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிட்டது. தங்கைக்கு வந்திருந்த விசாவோ அந்த வாரத்துக்குள் உள்ளே நுழைந்தால்தான் உண்டு, விட்டால் முதலிலிருந்து. தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எப்படிடா கவனிக்காம விட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டது நான். "நீங்க கிளம்புங்க. புதுசு எடுத்து நானே கொண்டாந்து விடறேன். கொஞ்ச நாள்தானே." மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணி, பாஸ்போர்ட் விஷயத்துல உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா."

திரும்பும்போது டாக்ஸியில் சிட்டு என் மடியில் தூங்கிவிட்டது. அவ்வளவு கனமாக, அவ்வளவு நம்பிக்கையாக. அந்த ஒரு பயணத்துக்காக நான் பிறந்தேன் என்றுகூடத் தோன்றியது.

ஆரம்பத்தில் உண்மையாகவே கொஞ்சம் தாமதமாயிற்று. தாய் தகப்பன் ரெண்டு பேரும் அங்கே தூதரகத்தில் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, மறுபடி அனுப்புங்கள் என்றேன். உண்மையில் அப்படிப் போகவில்லை. மறுபடியும் அனுப்பினார்கள். அப்புறம் படம். வாய் மூடியிருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. ஸ்டூடியோக்காரர் பட்டனை அழுத்துகிற நேரம் பார்த்து நான் அவருக்குப் பின்னால் நின்று முகத்தைக் கோணிக் காட்டுவேன். சிட்டு கலகலவென்று சிரித்துவிடும். "என்னங்க இது, பிள்ளை சிரிச்சுக்கிட்டே இருக்கு" என்று அவர் அலுத்துக்கொள்வார். சிரித்த குழந்தையை நாங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவோம். இதில் குழந்தைக்கு என்ன கெடுதல், நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் பக்கத்து வீட்டம்மாவோடு ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அன்று எடுத்த படம் சரியாக வந்துவிட்டது. விண்ணப்பமும் போய்விட்டது, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. தபால்காரர் கையில் வாங்கிக்கொண்டு, கம்பளி அடுக்கியிருந்த பெட்டியில் அடியில் வைத்தேன். ஒளித்து வைத்தேன் என்று உங்கள் விசாரணை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள், மேடம். பத்திரமாக வைத்தேன்.

"அக்கா, வந்துருச்சா?" தங்கை போன் எடுத்தால் முதல் வார்த்தை அதுதான். இன்னும் விசாரணை முடியலையாம் என்பேன். பெரிய ஆபீஸ், லட்சம் பேர், நம்ம அவசரம் அவங்களுக்குத் தெரியுமா என்பேன். நம்பினாள். நான் சொல்லி அவள் எதைத்தான் நம்பவில்லை?

வீடியோவில் அம்மாவைப் பார்த்தால் சிட்டு அழும், சாப்பிடாது. அதனால் கொஞ்ச நாள் வேண்டாம் என்று நிறுத்தினேன். அம்மாவுக்கு நிறைய வேலை என்று சொல்லி வைத்தேன். குழந்தை மனசு, எதையும் பழகிக்கொள்ளும். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது "அம்மா, உப்பு" என்றது. நான் திருத்தவில்லை. உப்பை எடுத்து வைத்தேன்.

அதற்கப்புறம்தான் தங்கைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. கவனிக்காமல் முற்றிவிட்டதாம். பிரயாணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளை விட்டுவிட்டு மாப்பிள்ளையாலும் வர முடியாது. அவர் போனில் அழுதார். ஆம்பளை அழுவதைக் கேட்பது கஷ்டம். "அண்ணி, காலில் விழுறேன். அவசரத்துக்குன்னு ஏதாவது வழி இருக்குமே. அவ கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை."

வழி இருக்கிறது. ரெண்டு மூன்று நாளில் வாங்கிவிடலாம். அந்த வழியெல்லாம்கூடத் தேவையில்லை, பெட்டியைத் திறந்தால் போதும். திறந்தேன், பொய் சொல்லவில்லை. எடுத்துப் படத்தைப் பார்த்தேன். சிரிக்காத சிட்டு அச்சு அசலாகத் தங்கைதான். சின்ன வயசில் என் மேல் கோபித்துக்கொண்டு மூலையில் நிற்பாளே, அதே முகம், என்னையே பார்த்துக்கொண்டு. சட்டென்று மூடிவிட்டேன். மூடிய அட்டைக்குள்ளும் அந்தக் கண் திறந்தே இருப்பதுபோல இருந்தது. மேலே இன்னும் ரெண்டு கம்பளியைப் போட்டேன்.

குழந்தையை அந்தக் கோலத்தில் தாயைப் பார்க்க வைத்தால் அது காலத்துக்கும் மறக்குமா? அதை யோசித்தேன். நீங்களும் தாயாக இருந்தால் யோசிப்பீர்கள்.

தங்கையை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஆனால் அவள் அங்கே இல்லை, மேடம். கடைக்கு ஒரு பெண் வந்து, "அக்கா, விசா வந்துருச்சா?" என்று கேட்கிறாள். தலையை நிமிர்த்த எனக்குப் பயமாக இருக்கிறது. குழாயை மூடிய பிறகு சொட்டுகிற தண்ணீரில் அதே கேள்வி கேட்கிறது. தபால்காரர் மணியடித்தால் எனக்கு முன்னால் யாரோ ஓடிப்போய்க் கதவருகில் நிற்கிறார்கள். பெட்டி வைத்திருக்கிற அறைக்குள் நான் போவதில்லை. கடைசியில் மாப்பிள்ளை வந்து அதைத் திறந்தபோது எனக்கு ஒரு பாரம் குறைந்தாற்போலத்தான் இருந்தது. அவர் என்னை அடிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பிரித்து, எப்போது கொடுத்தது என்று தேதியைப் பார்த்தார். அப்புறம் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார்.

ஆனால் நீங்கள் கேட்பது அதை இல்லை. பாஸ்போர்ட் விஷயம்தான் தெரிந்துவிட்டதே, குழந்தை ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறீர்கள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்கிற சுபாவம் எனக்கு இல்லை.

ஒரு மத்தியான வேளை. கூடத்தில் உட்கார்ந்து சிட்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். என் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஏதோ தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்தது. போன் வந்தது. கையில் எண்ணெய், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். மாப்பிள்ளை போனை அவள் வாய்ப்பக்கம் பிடித்திருந்தார் போலிருக்கிறது, மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"அக்கா... அழைச்சுட்டு வர வேணாம். இனிமே வேணாம். சிட்டு குரலை மட்டும் ஒரு தடவை கேட்கணும். அம்மான்னு ஒரு தடவை."

சிட்டு சடாரென்று திரும்பியது. அத்தனை மாதம் கழித்தும் குரல் தெரிந்துவிட்டது அதற்கு. எப்படித் தெரியும்? முகமெல்லாம் மலர்ந்து வாயைத் திறந்தது.

குரலைக் கேட்கப் பாஸ்போர்ட் வேண்டாம். விசா வேண்டாம். எந்தக் கவுண்டரிலும் யாரும் நிறுத்த மாட்டார்கள். எனக்குச் சொல்வதற்கு விதி ஒன்றும் கிடைக்கவில்லை.

"தூங்குறாடி" என்றேன்.

அப்புறம், "தூங்கட்டும்க்கா. எழுப்பாதே" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டுச் சொன்னார்.

போன் அணைகிற வரைக்கும் என் கை சிட்டுவின் வாயைப் பொத்தியிருந்தது. உள்ளங்கைக்குள் அந்த வார்த்தை சூடாக முட்டிக்கொண்டே இருந்தது, வெளியே வர இடமில்லாமல். கையை எடுத்த பிறகும் அது வெளியே வரவில்லை. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை.

ஆனால் மெதுவாகத்தான் பொத்தினேன், மேடம். மூக்கை மூடவில்லை. பெற்றவளைவிட நான் அதை எவ்வளவு பதமாகப் பார்த்துக்கொண்டேன் என்று நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். அடுத்த அறையில் அப்பா மடியில்தானே இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். அதுவே சொல்லும்.