காற்றில் வந்த மணி

பெயர்: இந்திரஜித் பாக்கியலெட்சுமி. வயது: 29. தொழில்: கொழுந்து பறித்தல். விலாசம்: ஹில்பீல்ட் தோட்டம், மேற்பிரிவு, பசறை. வாக்குமூலம் பெற்ற இடம்: பதுளை ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. காலம்: 2007 ஆகஸ்ட். பதிவு செய்தவர்: பொலிஸ் கான்ஸ்டபிள் புஹாரி. நான் தமிழில் சொல்ல அவர் தமிழிலேயே எழுதினார்.

மேற்படி விலாசத்தில் நான் என் கணவர் இந்திரஜித்துடனும் மாமியார் ரெங்கம்மாவுடனும் எட்டு வயது மகள் கம்சலாவுடனும் வசித்து வந்தேன். கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்பவர். அவரை ‘அவர்’ என்று நான் சொல்வது பழக்கத்தினால், மரியாதையினால் அல்ல என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினார்.

போன தீபாவளிக்குக் கணவர் சந்தியிலுள்ள கொமியுனிகேசன் கடையில் எனக்கொன்றும் தனக்கொன்றுமாக இரண்டு போன்களும் ஒரே கம்பனியின் இரண்டு சிம்களும் வாங்கினார். கடைக்காரரின் பெயர் பாலசுப்பிரமணியம். பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். கங்காணி முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை அவரை மணி அண்ணன் என்றே கூப்பிடுவோம். போனுக்குக் காசு ரீலோட் போடுவதைத் தவிர அவரிடம் எனக்கு வேறு பேச்சு இருந்ததில்லை. ஒருமுறை மழைக்கு அவர் கடையில் ஒதுங்கி நின்றேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் நாலைந்து பேர் கூடவே நின்றார்கள்.

சம்பவ தினம் நான் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தபோது சாமிப் படத்தடியில் வைத்திருந்த என் போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்து மறைந்தது. எடுத்துப் பார்த்தேன், மெசேஜ் எதுவும் இல்லை. அதன் பின்னர் மாவைப் பிசையப் போய்விட்டேன்.

அதன் பின்னர் வேலை விட்டு வந்த கணவர் மீதிக் காசு பார்க்க என் போனை எடுத்தார். மெனுவின் அடியில் முன்பு இல்லாத ஒரு வரி இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ‘மணி’ என்று இருந்தது. அவருக்கு அந்த எழுத்துகள் வாசிக்கத் தெரியும். “யாருடி மணி?” என்று கேட்டார். “கடை மணி அண்ணனத்தான் தெரியும், வேற யாரத் தெரியும்?” என்றேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

அவர் அந்தப் பெயரை அழிக்கப் பார்த்தார். போனில் போட்டுவைக்கும் பெயர் என்றால் அழியும். இது அழியவில்லை. சார்ஜர் வயரால் என் முதுகில் அடித்தார். அதன் பின்னர் என் போனை வாசற்கல்லில் அடித்து உடைத்து, உள்ளிருந்த சிம்மை எடுத்து, தன் போனிலிருந்த தன் சிம்மைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னுடையதை அதில் போட்டார். அங்கேயும் மணி என்று வந்தது. “ஒடைச்சாலும் வர்றான்டி!” என்று கத்தி, என் தலைமயிரைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். முன்பல் ஒன்று விழுந்தது. மாமியார், “பொம்பளைக்கு எதுக்குடா போனுன்னு அப்பவே சொன்னேன்” என்றுவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போனார். அதை நான் உபகாரமாக எண்ணவில்லை. என்னை விட்டுவிட்டுத்தானே போனார்?

அதன் பின்னர் கணவர் கூரையில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு சந்திப் பக்கம் இறங்கினார். எங்கே போகிறார் என்று தெரிந்ததால் நானும் குறுக்குப் பாதையில் பின்னால் ஓடினேன்.

மணி அண்ணன் கடையில் தனியாக இருந்தார். “வாங்க இந்திரஜித்” என்றார். கணவர் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். பார்த்ததும் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். “இது நான் இல்லீங்க. போன் அடிக்கிறதுக்கு கம்பனிக்காரன் தமிழ்ப் பாட்டுக் குடுக்கிறான், அதுக்கு மணின்னு பேரு வச்சிருக்கான்” என்றார். இந்தப் போன்களில் தமிழ் எழுத்து வராது, அதனால்தான் இங்கிலீஷில் இருக்கிறது என்றும் சொன்னார். டவரிலிருந்து ஒரு மெசேஜ் வரும், போன் அதை நமக்குக் காட்டாமல் சிம்மிடம் கொடுக்கும், சிம் அதை வாசித்துத் தன் மெனுவைத் தானே மாற்றிக்கொள்ளும் என்று விளங்கப்படுத்தினார். “யாரும் தொட வேணாம். காத்துலயே வந்திரும்” என்றார்.

எங்கள் பக்கம் காத்து இரண்டு வகை. ஒன்று வீசுவது, மற்றது பேயாக ஆளைப் பிடிப்பது. “காத்தா வந்தியாடா என் வீட்டுக்குள்ள?” என்று கணவர் கேட்டார். மணி அண்ணன் அவசரமாகத் தன் போனை எடுத்து, “பாருங்க, என் போன்லயும் இருக்கு” என்று காட்டினார். “ஒன் போன்ல ஒம் பேரு இல்லாம எம் பேராடா இருக்கும்?” என்றார் கணவர்.

முதல் வெட்டு போன் பிடித்திருந்த கையில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். நான் பாய்ந்து கத்தியைப் பிடித்தேன். அவர் இழுத்தார். என் வலது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் போயின. கொழுந்து கிள்ளுவது அந்த விரல்களால்தான். விழுந்து கிடந்தவரையும் அவர் விடாமல் வெட்டினார். கண்ணாடி அலுமாரி உடைந்து, புதுப் போன் உறைகளின் மேல் இரத்தம் ஓடியது. “நீங்க ஓடிருங்க தங்கச்சி” என்றார் மணி அண்ணன். என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பின்னர் சந்தியில் நின்றவர்கள் ஓடிவந்து கணவரைப் பிடித்துக் கட்டினார்கள். மொனராகலையில் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய வெலிமடை லொறி ஒன்றில் எங்கள் இருவரையும் ஏற்றினார்கள். பதுளைக்கு வந்து சேருமுன்னே வெறும் சாக்குகளின் மேல் மணி அண்ணன் இறந்துபோனார். அப்போது அவர் தலை என் மடியில் இருந்தது. மாமியார் இதையும் லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். லொறியில் தலையணை இருக்கவில்லை.

என் மகளை இன்னும் என்னிடம் காட்டவில்லை. ‘உங்கப்பன் சும்மாவா வெட்டுவான்’ என்று மாமியார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதாக, பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். என் பிள்ளை ஒரு நாள் இதை வாசிக்க வேண்டியிருக்கும். ஆகையால் என் போனில் வந்த மணி ஆள் அல்ல, போன் அடிக்கும் மணி என்று தெளிவாக எழுதும்படி புஹாரி ஐயாவைக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கு அவர், கணவரின் சட்டைப் பையிலிருந்த சிம்மை இலக்கம் பார்ப்பதற்காக ஸ்டேஷனில் கணவரின் போனிலேயே போட்டபோது, சிக்னல் பிடித்துச் சற்று நேரத்தில் சின்னதாக ஒரு சத்தம் வந்து, அதிலும் மெனுவின் அடியில் அந்த வரி சேர்ந்தது என்று சொன்னார். அதைக் கணவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டியதாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். புஹாரி ஐயா பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். மறுபடியும் கேட்டதால் சொன்னார்.

“செத்தும் எம் போனுக்குள்ள வந்துட்டானே” என்றாராம்.

அதையும் எழுதச் சொன்னேன்.

இவ்வளவும் நான் கண்டதும் கேட்டதும் பட்டதும்தான். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. என் பெயரை எழுத எனக்குத் தெரியும். பேனை பிடிக்க விரல் இல்லாததால் இடது பெருவிரலை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் அடையாளம்)
இ. பாக்கியலெட்சுமி