தராசுத் தட்டுல வச்ச கட்டு

ஐயையோ, பொட்டலத்தக் கசக்கி எறிஞ்சிட்டியளே சார்! ஏ ஆடு, சூ, போ அங்கன... தாளத் தின்னுட்டுதே. சரி, போகட்டும், அதுக்கும் ஒரு வயிறு இருக்குல்லா. இந்தாங்க, இன்னொரு பொட்டலம். கடலையத் தின்னுங்க, தாளை மட்டும் கசக்காதிய. பையப் பைய நீவி இந்தக் கல்லுக்கு அடியில வைங்க. காரணம் இருக்கு, சொல்லுதேன்.

உங்க ஆராய்ச்சிக் கட்டா? எங்க சார் போயிரப் போவுது? இந்த விக்கிரமசிங்கபுரத்துல தங்கத்தாய் ஆக்கர் கடைக்குள்ள வந்த பொருள் வீணாப் போச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். பழைய இரும்பு, ஓட்ட வாளி, பேப்பரு, எதுவும் இங்கன சாவுறதில்ல, வேற சட்ட மாட்டிக்கிட்டுப் போயிரும். இத நான் சொன்னப்ப ஆகா, ஆகான்னு எழுதிக்கிட்டது நீங்கதான?

அஞ்சு வருசமா கையால எழுதுனதா... வேற படி எடுத்து வைக்கலியா? ஒண்ணே ஒண்ணுதானா. திங்கக்கிழம டைப் அடிக்கக் குடுக்கணுமா. அது இல்லன்னா டாக்டர் பட்டம் கெடையாதா. ம்ம். தண்ணி குடிக்கியளா சார்?

போன வெள்ளிக்கிழம நீங்க வந்தப்ப என்ன மழை! மத்தியானம் பூரா கேள்வியா கேட்டிய. மில்லுக் கழிவுப் பஞ்சு எங்க போவுதுன்னிய, தலையணைக்குன்னேன். நூலு சுத்துன அட்டைக் கூம்பு எங்க போவுதுன்னிய, ஜிகினா ஒட்டிப் பள்ளிக்கூட நாடகத்துல ராசாவுக்குக் கிரீடமாப் போவுதுன்னேன். சிரிச்சிய. கடைய விட்டுப் போற பழந்தாளு கடேசில யாரு கைக்குப் போயிச் சேருதுன்னு கேட்டிய பாருங்க, அதுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியல. பாளையங்கோட்டையில இருந்து பஸ் ஏறி வந்த மனுசனுக்கு ஒரு பதில் சொல்ல முடியலியேன்னு வெக்கமாப் போச்சு.

இவ்வளவு கேட்ட நீங்க ஒண்ணு கேக்காம விட்டுட்டிய. தராசுத் தட்டுல ஒரு பொருள் ஏறுனா என்ன அர்த்தம்னு கேக்கவே இல்ல. எங்க தொழில்ல அது வித்தாச்சுன்னு அர்த்தம் சார். வாய்ப்பேச்சே கெடையாது. பெத்த அம்மையே ஏறி உக்காந்தாலும் அவிய நிறுத்துருவாவ. அவியன்னா எங்க வீட்டுக்காரரு.

நீங்க என்ன செஞ்சிய? கையில கொடை இல்ல, நனைஞ்சிரும், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிடுதேன்னிய. நான் சோறு பொங்குதுன்னு உள்ள ஓடிட்டேன். தரையெல்லாம் ஈரமாக் கெடந்துது. நீங்க கட்டத் தூக்கி... ஆமா சார். தட்டுலதான்.

அவிய வந்தாவ, பாத்தாவ. மூணே கால் கிலோ, நல்ல வெள்ளத்தாளு, ஒரு பக்கம்தான் மை, மொதத்தரம், வித்துட்டேன்னு எங்கிட்ட வந்து அவ்வளவு சந்தோசமாச் சொன்னாவ.

எந்திரிக்காதிய! உக்காருங்க சார். கண்ணு கலங்காதிய, பொறவு எனக்கும் அழுக வந்துரும். ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல. அஞ்சு வருசத்துப் பாடுல்லா!

பஸ் ஸ்டாண்டுல கடலை விக்காம்லா மாரிக்கண்ணு, அவங்கிட்டப் போயிருக்கு. பாத்தியளா, உங்க கேள்விக்குப் பதில் கெடச்சிட்டு! நானும் அவியளும் அம்பாசமுத்திரம் பஸ்ஸு, பாவநாசம் பஸ்ஸுன்னு ஏறி எறங்கி, கடலை தின்னுதவங்க மடியில இருந்து தாளப் புடுங்கிட்டு வந்தோம். கல்லிடைக்குறிச்சி டீச்சரம்மா ஒருத்தரு செவப்பு மையில நாலு தப்பத் திருத்திக் குடுத்திருக்காவ. நல்ல மனுசி. மிச்சத்த வெறுந்தாளாத் தரமாட்டேன்னு மாரிக்கண்ணு ஒரே புடியா நிக்கான். கடலையோடயே வாங்கியாந்துட்டோம். அவிய தின்னு தின்னு வயித்தால போயி உள்ள படுத்துக் கெடக்காவ. அந்தச் சாக்குப்பையில இன்னும் நாப்பது பொட்டலம் இருக்கு. நீங்களும் கூடமாடத் தின்னா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்.

கடலையக் கொட்டிட்டுத் தாள எடுக்கலாம்ங்கியளா? நீங்களா சார் இப்படிப் பேசுதிய? வீணாக்கக் கூடாதுன்னு ஆராய்ச்சி பண்ணுத ஆளு!

இல்ல சார், ஒரு தாளு கொறையாது. குமரகுருபரன்னு உங்க பேரு போட்ட மொதத் தாளுல இருந்து எல்லாத்துலயும் நம்பரு இருக்குல்லா, அடுக்கிரலாம்.

முடிவுரையா? அது ஒத்தத் தாளுதான? தலைப்பு வெளிய தெரியுத மாதிரி மடிச்ச பொட்டலமா, தனியா எடுத்து வச்சிருந்தேன். உங்க கையெழுத்த நீங்களே பாத்துக்கிடுவிய, நான் வாயத் தொறந்து சொல்ல வேண்டாம்னு நெனச்சு, வந்தொடன மொதப் பொட்டலமா உங்க கையில குடுத்தேன். நீங்க பாக்கவே இல்ல. கசக்கி எறிஞ்சிட்டிய.

ஆட்டத் திட்டாதிய சார். நான் அத நாலு வாட்டி வாசிச்சிருக்கேன், மனப்பாடம். சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. தாளா? கையில இருக்க கடலையத் தின்னு முடிங்க, பின்பக்கம் வெள்ளையாத்தான் கெடக்கு.