குருவியின் நேர்காணல்கள்

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் சாவியைத் தேட வேண்டியதில்லை. அழைப்பு மணியை அழுத்தினால் போதும், உள்ளேயிருந்து "இதோ வர்றேன்" என்று ஒரு குரல் வரும். அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இதிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு டாக்டர். இங்கே இல்லை, என் ஊரில். மகப்பேறு பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவள். கணவரின் வேலைக்காக இங்கே வந்தேன். இங்கே ஒரு நோயாளியைத் தொட வேண்டுமானால் எல்லாப் பரீட்சைகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். எழுதினேன், தேறினேன். அதற்கப்புறம் ஏதாவது ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி என்கிற பயிற்சி இடம் கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பரீட்சையில் தேறியதும் தேறாததும் ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு முறை விண்ணப்பிக்கலாம். படிப்பு முடித்து நாளாகிவிட்டவர்களைக் கணினியே கழித்துக்கட்டிவிடும். மனிதர் யார் கண்ணிலும் அந்தப் பெயர் படாது. என் பெயர் ஒரு வருடமும் பட்டதாகத் தெரியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தனை பேர் முட்டி மோதும் இடத்தில் எப்படியாவது ஆளைக் கழிக்கத்தானே வேண்டும்.

"இன்னும் எத்தனை வருஷம்தான் படிச்சிட்டே இருப்ப?" என்று கணவர் கேட்பார். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். சண்டை எதுவும் இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றது, அவ்வளவுதான்.

நான் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் நோயாளியிடம் பேசுவார், நான் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்வேன். வாயைத் திறக்கக் கூடாது. வருகிறவர்கள் என் முதுகைத்தான் பார்ப்பார்கள். சில பேர் அதையும் பார்க்க மாட்டார்கள். சட்டையைக் கழற்றிய பிறகுதான் அறையில் இன்னொரு ஆள் இருப்பதைக் கண்டு திடுக்கிடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை மூடிய வாய் திங்கட்கிழமைதான் திறக்கும். ஒரு தடவை கடைக்காரர் ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லப் போனேன், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குருவி வந்தாள். பரீட்சைக்குப் படிப்பவர்கள் கூடும் நூலகத்தில் யாரோ சொல்லி, அறை தேடிக்கொண்டு வந்தாள். பெயர் வேறு. கொறிப்பதையும் ஓயாமல் பேசுவதையும் பார்த்து நான் வைத்தது அது. அவளும் வெளிநாட்டில் படித்த டாக்டர். ஆனால் படிப்பு முடித்த சூடு ஆறவில்லை. மதிப்பெண்களும் என்னுடையதைவிட நல்லவை.

வந்த அன்றே அலமாரியைத் திறந்து பார்த்து, "என்னக்கா, ஒரே ஒரு தட்டுதான் வெச்சிருக்கீங்க?" என்றாள்.

மறுநாள் நான் போய் இன்னொன்று வாங்கி வந்தேன்.

அவளை நான் எவ்வளவு நன்றாகத் தயார் செய்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தினமும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்காருவோம். நேர்காணலுக்கென்று நான் வாங்கி வைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் தேர்வுக் குழுத் தலைவர் ஆகிவிடுவேன். "உங்க நாட்டுல இல்லாதது இங்க என்ன இருக்குன்னு வந்தீங்க?" என்று கேட்பேன். முதலில் திக்கித் திணறுவாள். போகப் போக என்னையே மடக்கிவிடுவாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் எந்த நேர்காணலுக்கும் போனதில்லை, யாரும் கூப்பிடவில்லை. பொறாமை என்று நீங்கள் குறித்துக்கொள்ளக் கூடும். பொறாமைப்படுகிறவள் இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மாட்டாள்.

முதல் வருடம் அவளுக்கு வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கணினித் திரையில் நடக்கும் நேர்காணல். செய்தி வந்த அன்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். சாப்பிடும்போதுதான் அதைச் சொன்னாள்.

"கெடைச்சா நான் அந்த ஊருக்குப் போயிடணுமேக்கா. நீங்க கவலைப்படாதீங்க. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி ரூம் தேடிட்டிருக்கா. கொண்டு வந்து விட்டுட்டுத்தான் போவேன்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நானும் சரி என்றேன். பாத்திரம் கழுவும்போது மட்டும், எரிந்துபோன பல்பை மாற்றுவதுபோல எனக்கு ஆள் மாற்றிவிட்டுப் போகப்போகிறாள் என்று தோன்றியது.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதை இறக்குகிற மாத்திரை எப்போதும் வீட்டில் இருக்கும். நேர்காணல் அன்று அவள் எதுவும் சாப்பிட மாட்டாள். காபி மட்டும் குடிப்பாள், சர்க்கரை போடாமல். மிச்சத்தை உங்கள் மருத்துவ அறிக்கை சொல்லியிருக்கும்.

அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆரம்பம் நன்றாக இருந்தது. பிறகு சொன்னதையே திரும்பச் சொன்னாள். வார்த்தைகள் குழைந்தன. ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். திரையில் இருந்தவர் அன்பாக, "தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள்" என்றார். முடிந்ததும் போய்ப் பார்த்தேன். வேர்த்து ஊற்றி, கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழச்சாறு கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு என்னக்கா ஆச்சு? எல்லாம் தெரிஞ்சதுதான். வாயே வரல."

"பதற்றம்டா. எல்லாருக்கும் வர்றதுதான்."

அன்று மாலை சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் இருந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். கால் மரத்துப்போனது, ஆனாலும் அசையவில்லை. இங்கே வந்த பிறகு நான் நிம்மதியாக இருந்த மாலை அது. உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அடுத்த வருடமும் ஒரே ஒரு அழைப்பு. அதே காபி, அதே நடுக்கம். இந்தத் தடவை அவள் பயந்துவிட்டாள். சில நாள் கழித்து டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. மனப்பதற்றம் என்று சொல்லி மூச்சுப் பயிற்சி எழுதிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டிய நாள் அதுவல்ல.

அவளும் டாக்டர்தானே, அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று சற்று முன் கேட்டீர்கள். தன் உடம்பு என்று வந்துவிட்டால் எந்த டாக்டருக்கும் படித்தது கைகொடுக்காது. அதோடு அவளைவிட அனுபவம் உள்ளவள் பக்கத்திலேயே இருந்தேன். நான் பதற்றம் என்றால் அவளுக்கு அது பதற்றம்தான்.

அதற்கப்புறம் பேச்சு குறைந்துபோனது. கொறிப்பதும் நின்றது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "என்னால முடியாதுக்கா, நான் லாயக்கில்ல" என்பாள். அவளுடைய அம்மா போனில் என்னைக் கூப்பிட்டு, "நீங்க இருக்கற தைரியத்துலதாம்மா நாங்க நிம்மதியா தூங்கறோம்" என்று அழுவார். நான் அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். ரெசிடென்சி என்பது ஆளைச் சக்கையாகப் பிழிந்தெடுக்கிற வேலை. தூக்கம் கிடையாது, சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. கைப்பிடி அளவு உடம்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். கிளினிக்கில் என்னைப்போலவே ஒரு தட்டச்சு வேலைக்கு அவளுக்காகச் சொல்லியும் வைத்தேன். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம் என்று எண்ணினேன். அது ஒரு கெட்ட எண்ணமாக எனக்கு இன்றைக்கும் படவில்லை.

மூன்றாவது அழைப்பு யாரும் எதிர்பார்க்காதது. அவளுடைய பழைய பேராசிரியர் ஒருவர் அந்த மருத்துவமனைக்குச் சொல்லியிருக்கிறார். திரையில் பதறுகிற பெண், நேரில் வரச் சொல்லிப் பாருங்கள் என்று. அவர்களும் மனது வைத்து வரச் சொல்லிவிட்டார்கள். ரயிலில் போக வேண்டிய தூரம். குருவிக்கு மறுபடி பேச்சு வந்துவிட்டது. வீட்டுக்குள் நடந்துகொண்டே பதில்களைச் சொல்லிப் பார்த்தாள். கறுப்புக் கோட்டை அவளிடமே கொடுத்தேன். கை நீளமாக இருந்தது, மடித்துத் தைத்தேன். கண்ணாடி முன் நின்று, "டாக்டர் மாதிரி இருக்கேனாக்கா?" என்றாள்.

"டாக்டர்தானே நீ" என்றேன்.

காலையில் காபி கொடுத்தேன். இந்தத் தடவை முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது, பயண நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமே. நிலையம் வரை கூடவே நடந்தேன். அவள் கையிலிருந்த பையை நான்தான் தூக்கி வந்தேன். ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். ரயில் கிளம்பியதும் வீட்டுக்கு வந்து அவளுடைய போர்வையை மடித்து வைத்தேன். வழியில் மயக்கமாக வரும், இறங்கிவிடுவாள், என்னைக் கூப்பிடுவாள், நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். நான் நினைத்தது இவ்வளவுதான். இதில் கொலை நோக்கம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் கூப்பிட்டாள். அந்தப் போனைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த தமிழ்ப் பெரியவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். அவர் சரியாகவே கவனித்திருக்கிறார்.

"அக்கா, மறுபடியும் கை நடுங்குது. கண்ணு இருட்டிட்டு வருது."

"பயப்படாத. மூச்ச இழுத்து விடு."

"இது பதற்றம் மாதிரி இல்லக்கா. லோ சுகரா இருக்குமோ?"

"சர்க்கரை வியாதியே இல்லாத உனக்கு எப்படிம்மா இறங்கும்? டாக்டர் எல்லாம் பார்த்துட்டுத்தானே சொன்னார்."

"எதிர்ல இருக்கற தாத்தா பிஸ்கட் குடுக்கறார். ரெண்டு சாப்பிடட்டுமா?"

போனைக் காதில் வைத்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. சாயங்காலம் நான் வரும்போதும், நாளைக்கும், அடுத்த மாதமும் அது அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த பிஸ்கட்டைத் தின்றால் அவள் தெளிந்துவிடுவாள். தெளிந்தால் போய்ச் சேர்ந்துவிடுவாள். போய்ச் சேர்ந்தால் இந்தத் தடவை அவர்களுக்கு அவளைப் பிடித்துவிடும். எனக்கு அது தெரியும், தயார் செய்தவள் நான்.

"வேண்டாம்டா. வாந்தி எடுத்துடுவ. கோட்டு பாழாயிடும். கண்ண மூடிப் படுத்துக்கோ, சரியாயிடும்" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

கையில் எடுத்ததைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்துவிட்டு, "அக்கா வேணாம்னாங்க தாத்தா" என்று சொல்லிப் படுத்தாளாம். தூங்குகிற பெண்ணை எழுப்ப வேண்டாம் என்று அவர் கோட்டை இழுத்துப் போர்த்திவிட்டிருக்கிறார். கடைசி நிலையத்தில் பெட்டியைப் பெருக்க வந்தவர்தான் எழுப்பிப் பார்த்திருக்கிறார். மூளை அவ்வளவு நேரம் சர்க்கரை இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆம், மாத்திரை கலந்தது நான். மூன்று தடவையும் நான்தான். பிஸ்கட்டை வேண்டாம் என்று சொன்னதும் நான்தான், சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஆனால் நீங்கள் என்னை உள்ளே வைப்பதற்கு முன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அவள் இனி பேச மாட்டாள், நடக்க மாட்டாள். இடது கை மட்டும் கொஞ்சம் அசைகிறது. அவளுடைய அம்மாவுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. இந்த ஊரில் அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள். நேற்று வரைக்கும் தினமும் நான்தான் வார்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். தலை வாரிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன், அன்றன்றைக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் எங்கேயும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு ஊட்டும்போது மட்டும் சிரமம். நான் கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த இடது கையால் தட்டிவிடுகிறாள், கண்ணில் தண்ணீராக வழிகிறது. நர்ஸ் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறாள். நரம்பு பாதித்தவர்களுக்கு இப்படி ஆளுக்கு ஆள் மாறுவது உண்டு, நானே பார்த்திருக்கிறேன், நாள்பட நாள்பட என் கை அவளுக்குப் பழகிவிடும்.