என் இடது காதின் படம் வெளியானது குறித்து

முதல் தாளில் எழுதியிருக்கும் என் பெயரும் வீட்டு முகவரியும் சரியானவை. எனக்கு வயது நாற்பத்து மூன்று. கணவர் தச்சு வேலை செய்கிறார். நான் செல்போன் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் இயர்போன் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பொருத்தச் சோதனையாளராக வேலை பார்த்தேன். இப்போது தற்காலிக நீக்கத்தில் இருக்கிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கும்படி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. கொடுக்க வேண்டாம் என்றுதான் வற்புறுத்தினார்கள்.

பொருத்தச் சோதனை என்றால் என்ன என்று காவல் நிலைய எழுத்தர் கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு வாசலில் எங்கள் கைபேசிகளை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நாங்கள் ஆறு பேர், இன்னும் கடைக்கு வராத இயர்போன்களைக் காதில் மாட்டிக்கொண்டு மாலை வரை இருக்க வேண்டும். நடக்க வேண்டும், எதையாவது மெல்ல வேண்டும், கொட்டாவி விட வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வேண்டும், அரைமணிக்கு ஒருமுறை காது எப்படி இருக்கிறது என்று படிவத்தில் எழுத வேண்டும். ஒரே ஏழு பாட்டுகளைத்தான் கேட்போம். அவற்றில் ஒன்றை ஏதாவது கல்யாண வீட்டில் போட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அறையில் ரப்பர் காதுகள் அடுக்கிய ஓர் அலமாரியும், காதுக்குள் மைக் வைத்த ஒரு பொம்மைத் தலையும் உண்டு. எல்லாம் கேட்டும் பதில் சொல்லாது என்பதால் அந்தத் தலைக்கு முதலாளி என்று பெயர் வைத்திருந்தோம்.

எட்டு மாதங்களுக்கு முன் புதிய இயர்போன் ஒன்று எங்கள் அறைக்கு வந்தது. அதற்குக் கம்பெனிக்குள் பட்டாணி என்று பெயர். கடையில் என்ன பெயரில் விற்பார்கள் என்பது அப்போது எங்களுக்கே தெரியாது. பதினொரு பக்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசக் கூடாது.

முதலில் வந்த பட்டாணி காதில் இருப்பதே தெரியாது, ஆனால் சத்தம் குடத்துக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. அதை அப்படியே எழுதிக் கொடுத்தோம். அதன் பிறகு மூன்று முறை மாற்றினார்கள். நான்காவதில் காதுக்குள் நுழையும் மூக்கை ஒரு மில்லிமீட்டர் தடிமனாக்கி, சற்று நீளமாகவும் செய்திருந்தார்கள். சத்தத்தைப் பொறுத்தவரை நான் பொய் சொல்ல மாட்டேன். ஏழு பாட்டில் மூன்றாவது பாட்டில், பாடுகிறவர் சரணத்துக்கு முன் மூச்சு வாங்குவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஆனால் இரண்டு மணி நேரத்தில் காது வாயில் கனக்கத் தொடங்கியது, மூன்றாம் மணியில் தாடையை அசைத்தாலே சுருக்கென்றது. என் காது ஓட்டை சிறியது. சிறிய காதுள்ளவர்கள் எப்படித் தாங்குவார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் என்னையே வேலைக்கு எடுத்தார்கள். எனவே படிவத்தில் வலி என்று எழுதினேன்.

மறுநாள் பிரிவு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டவர். படிவத்தை என் முன்னால் வைத்து, "மேடம், வலின்னு எழுதினா மேல கேள்வி கேப்பாங்க. இறுக்கமான பொருத்தம்னு போடுங்க. அர்த்தம் ஒண்ணுதானே," என்றார். அர்த்தம் ஒன்றுதான் என்றால் வலி என்றே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். வெளியிடும் தேதியைக் குறித்துவிட்டார்கள், இனி வார்ப்பு அச்சை மாற்றினால் நான்கு மாதம் தள்ளிப்போகும் என்று அவர் சொன்னார். அதன் பிறகு அடுத்தடுத்த வாரங்களில் மேலும் இருமுறை வலி என்று எழுதினேன். இருமுறையும் கம்ப்யூட்டரில் பார்த்தபோது அந்த இடத்தில் இறுக்கமான பொருத்தம் என்று இருந்தது. அதற்கடுத்த முறை படிவத்தைக் கொடுக்கும் முன் கையாலேயே ஒரு நகல் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் இடது காது வாயிலில் தோல் உரிந்து புண்ணானது. வலது காதுக்கு ஓய்வு கொடுத்து இடதில் மட்டும் தொடர்ந்து மாட்டச் சொன்னதால் அப்படி ஆனது. கம்பெனி மருத்துவ அறையில் ஊதா நிறத்தில் ஒரு மருந்தைத் தடவி, நாளைக்கும் வரச் சொன்னார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளை நிறத்தில் கம்பெனி முத்திரையோடு ஒரு பட்டாணி முதன்முதலாக எங்கள் அறைக்கு வந்தது. அதுவரை வந்தவை எல்லாம் முத்திரை இல்லாத கறுப்பு. போட்டோகிராபர் ஒருவரும் உடன் வந்தார். உள்பதிவுக்காகப் படம் எடுக்க வேண்டும் என்றும், ஆறு பேரில் என் காதுதான் கேமராவுக்கு அழகாக வருகிறது என்றும் சொன்னார். புண்ணைப் பார்த்து வலது காதில் எடுக்கலாமா என்று அவரே கேட்டார். இடது பக்கத்துக்கான ஒன்றுதான் தயாராகி வந்திருக்கிறது என்று மேலாளர் சொன்னார். எனவே ஊதா மருந்தோடும் புண்ணோடும் என் இடது காதை நாற்பது படம் எடுத்தார்கள். மாலையில் அந்த வெள்ளைப் பட்டாணியை ஒரு பெட்டியில் பூட்டி எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அதை நான் கண்ணால் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காதிலிருந்து நீர் வடிந்தது. விடுப்புப் போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போனேன். காதில் எதை வைத்தீர்கள் என்று அவர் கேட்டார். சொல்லக் கூடாது என்று சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "காதைக் காட்டுவீங்க, காதுல வெச்சதைக் காட்ட மாட்டீங்க. நான் என்னம்மா, ஜோசியமா பாக்குறேன்?" என்றார். எவ்வளவு ஆழம் போனது, எந்த இடத்தில் அழுத்தியது என்று தெரிந்தால்தான் உள்ளே தடவ வேண்டிய மருந்தைத் தீர்மானிக்க முடியும் என்றும் சொன்னார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மருந்துச் சீட்டின் பின்புறம் பட்டாணியின் மூக்கை மட்டும் பேனாவால் வரைந்து, நீளத்தையும் தடிமனையும் எழுதிக் காட்டினேன். ஒப்பந்தப்படி அது குற்றம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அதற்கு மூன்று வாரங்களுக்குப் பிறகு, செல்போன் வதந்திகளை எழுதும் ஓர் இணையப் பக்கத்தில் வெள்ளைப் பட்டாணியின் படம் வந்தது. காதும் காதும் வைத்தாற்போல் காப்பாற்றிய ரகசியம் என் காதோடு சேர்த்தே வெளியே வந்தது. லட்சம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, காதில் இருப்பதே தெரியவில்லை என்று கீழே எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரி என்னை மேல்மாடிக்கு அழைத்தார். அந்தப் படத்தை ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் திரையில் போட்டிருந்தார்கள். என் இடது காது மடலில் தோடு ஓட்டை இரண்டு உண்டு. சின்ன வயதில் முதல் முறை தவறான இடத்தில் குத்திவிட்டார்கள். திரையில் அந்த இரண்டு ஓட்டைகளும் கட்டைவிரல் அளவில் தெரிந்தன. "இது உங்க காதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தப் பொருளைப் பற்றி வெளியாள் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். டாக்டரிடம் வரைந்து காட்டியதைச் சொன்னேன். மேலாளர் அங்கே உட்கார்ந்திருந்தார். காது எதனால் புண்ணானது என்று அவராவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் மேசை மேலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, தற்காலிக நீக்கம் செய்து, காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார்கள். என் கைபேசி ஒன்பது நாள் இந்த நிலையத்தில் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் கூட வேலை பார்த்த ஒருவரும் வரவில்லை. ஒரே ஒருத்தி மட்டும் என் கணவரின் கைபேசிக்கு, "அக்கா, உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று அனுப்பினாள். நான் படித்ததும் அதையும் அழித்துவிட்டாள். என் கணவர், நிஜமாகவே நீ அனுப்பவில்லையே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தினமும் என் காதுக்கு அவர்தான் சொட்டு மருந்து விடுவார். அன்று நானே விட்டுக்கொண்டேன். பாதி கழுத்தில் வழிந்தது.

அதற்கு மறுநாள் மதியம் அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கையில் மரத்தூள்கூடப் போகவில்லை. இணையத்தில் வந்த அந்தப் படத்தைத் தன் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டி, "உன் காதுதான். ஆனா புண்ணு எங்க?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரத்துக்கும் மேலாக அந்தக் காதுக்குள் பார்த்துப் பார்த்து மருந்து விட்டவருக்குத் தெரிந்தது, அந்தக் காதை வைத்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பட்டாணி என் காதில் இருந்தது அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அன்றைக்கு என் காதில் புண்ணும் ஊதா மருந்தும் இருந்தன. அதற்கு மருத்துவ அறையின் பதிவேடே சாட்சி. வெளியான படத்தில் காது பால் போல இருக்கிறது. திருடி வெளியே விட்டவர் எவராக இருந்தாலும், அவர் உட்கார்ந்து என் புண்ணை அழித்துவிட்டுத்தான் திருடினாரா என்று அன்றே இங்கு வந்து கேட்டோம்.

ஆய்வாளர் படத்தை நெடுநேரம் பார்த்தார். அதன் பிறகு போட்டோகிராபரை வரவழைத்து எங்கள் முன்னிலையில் விசாரித்தார். நாற்பது படத்தையும் விளம்பரப் பிரிவில் ஒப்படைத்ததாகவும், அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திருப்பி அனுப்பியதாகவும் அவர் சொன்னார். "காதை சுத்தம் பண்ணிக் குடுங்கன்னாங்க, பண்ணிக் குடுத்தேன். எதுக்குன்னு நான் கேக்கலை. கேட்டிருக்கணும்," என்று சொல்லி என்னைப் பார்க்காமல் கும்பிட்டார். படத்தை விளம்பரப் பிரிவே வாங்குபவர்களுக்கு ஆசை காட்டுவதற்காக வெளியே விட்டதா, அங்கிருந்து வேறு யாரும் எடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லவில்லை. சுத்தம் செய்த படம் அவர்களிடம் மட்டும்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தவறான புரிதல் என்று ஒரு வரியில் எழுதியிருந்தார்கள். அதே நாளில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. என் காது நோய் வேலைக்குச் சேரும் முன்பே இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டால் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று அதில் இருந்தது. மேலாளரும் தொலைபேசியில் அழைத்து, கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொன்னார். எந்தக் காதில் கைபேசியை வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் கையெழுத்திடவில்லை. என் இடது காதின் வாயில் வீங்கிச் சுருங்கியதால் மெல்லிய சத்தங்கள் அதில் குறைவாகவே கேட்கின்றன. ஆறு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் எடுத்த பரிசோதனைத் தாளையும், நான் எழுதிவைத்த நகலையும் இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு இங்கு வந்தேன். புகாரே இல்லாதபோது வாக்குமூலம் எதற்கு, வீட்டுக்குப் போங்கள் என்று எழுத்தர் சொன்னார். புகார் அவர்களுடையது, அதை அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், காது என்னுடையது என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு ஆய்வாளர் வந்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. என் தங்கை ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஒன்பது மணி நேரம் காதில் இயர்போன் மாட்டியபடியே பேச வேண்டிய வேலை. என்னைப் போலவே சின்னக் காது. நேற்று என்னைப் பார்க்க வந்தபோது, படத்தைப் பார்த்ததிலிருந்து ஆசையாக இருந்தது, முன்பதிவு தொடங்கியதுமே இரண்டுக்குப் பணம் கட்டிவிட்டேன், ஒன்று உனக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒப்பந்தம் இன்னும் அமலில் இருக்கிறது. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் ரத்து செய்தாள். டாக்டருக்கு வரைந்து காட்டியது முதல் மீறல், தங்கையிடம் சொன்னது இரண்டாவது. இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார், என் வலது பக்கம் வந்து நின்று படித்தார். நான் கண்டதும் எனக்கு நடந்ததும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. சரி என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)