மஞ்சள் குழாயில் கட்டிய கம்பி

தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் அப்பாவு அவர்களே, மனைவியைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி சவரிநாதன் அவர்களே, காசிமேட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணீரோடு வந்திருக்கும் தாய்மார்களே, கல்மண்டபத்துக் குடியிருப்பின் என் சொந்தங்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்ன சொல்லிப் பேசுவேன்? எதைச் சொல்லி ஆற்றுவேன்? அதோ, திரைக்குப் பின்னால் படமாக இருக்கிறாள் நம் எல்சி. மீனை விற்று முடித்து, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வீடு திரும்பியவள். டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனாள். ஈரக் கையால் மஞ்சள் கேஸ் குழாயின் திருகைத் தொட்டாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை ஐயா. மேல்வீட்டுப் பட்டம்மாளின் வாஷிங் மிஷினில் கசிந்த கரண்ட் அந்தக் குழாயில் நின்றிருந்தது.

பின்வரிசையில் கத்துகிற தம்பி, இருப்பா, உன் கோபம் புரிகிறது. அந்தம்மாவைக் காலி பண்ணச் சொல்லு என்கிறாய். நான் கேட்கிறேன், குழாயில் கம்பி கட்டியது பட்டம்மாள் மட்டும்தானா?

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் நம் கட்டடத்து எர்த் கம்பியை உப்புக்காற்று தின்று எத்தனை காலமாயிற்று? ஷாக் அடித்தால் என்ன செய்தோம்? மிஷினிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கம்பியைக் கட்டினோம். அது இரும்பு, மண்ணுக்குள் போனது, தாங்கியது. பிறகு அந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. கேஸ் குழாய் வந்ததும், இதுவும் இரும்புதானே மாமு என்று கம்பியை இதற்கு மாற்றினோம். சுவரில்தான் இது இரும்பு, மண்ணுக்குள் பிளாஸ்டிக். கரண்ட் எங்கே போகும்? போக வழியில்லாமல் அடுப்படி அடுப்படியாகக் காத்துக் கிடந்தது. கேஸ் குழாய்க்கும் எர்த் வேண்டும்தான். அதைக் கட்டடத்து எர்த்தோடு முறையாக இணைப்பது விவரம் தெரிந்தவர்கள் வேலை. நாம் செய்தது அதுவா? நம் வீட்டுக் கரண்டைப் பக்கத்து வீட்டு அடுப்பில் கொண்டுபோய் விட்டோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து எல்லாவற்றையும் அவிழ்த்தார். கம்பி இல்லாத வீடு எது? ஒரே ஒரு வீடு சொல்லுங்கள். ஏன் இப்போது தலை குனிகிறீர்கள்?

கடைசியாக எல்சியின் வீடு. பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து வந்த கம்பி ஒன்று அந்தக் குழாயில் சுற்றியிருந்தது. சவரிநாதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நானுந்தாண்ணா கட்டிக்கீறேன். என் பிரிட்ஜு கெட்டுருந்தா, பட்டம்மாக்கா போயிருக்கும். அக்கா வராம எல்சி படத்த தொறக்க மாட்டேன்."

கேட்டீர்களா? மனைவியை இழந்தவர் பேசுகிற பேச்சு இது. நாமோ அந்த அம்மாவின் கதவைத் தட்டி வையவும் செய்தோம். சாவு வீட்டுக்கு வரப் பயந்து, அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்.

ஒன்று, இனி நம் குழாயில் ஒரு கம்பியும் ஏறக் கூடாது. இரண்டாவது, தாய்மார்களே, உங்களில் நாலு பேர் இப்போதே எழுந்து மாடிக்குப் போங்கள். பட்டம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். இதோ, சவரிநாதன் பக்கத்து நாற்காலியைக் காலியாகத்தான் வைத்திருக்கிறார்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. படிக்கட்டு ஏறப்போகும் அந்த நாலு பேருக்கும் என் வணக்கம். போங்கம்மா, எல்சி காத்திருக்கிறாள்.